தாலி இல்லை, சரி... தாளும் இல்லையா?

"தூக்கமே இல்லீங்கய்யா" என்று காரைக்குடியில் என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மா வந்தார். வயது அறுபதைத் தொடும். நாடி பார்த்தேன், வாதம் ஏறியிருந்தது. அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கலந்து இரவில் சாப்பிடச் சொன்னேன். பதினைந்து நாள் கழித்து, "அப்படியேதான் இருக்குய்யா" என்று வந்து நின்றார். மெல்ல விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது.

கணவரை இழந்தவர். மனைவியை இழந்த ஒருவரோடு பதினோரு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறார். மறுமணம் செய்தால் குடும்ப பென்ஷன் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் திடீரென்று போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு அவர் பெயரில். மாடி கட்ட இந்த அம்மா கொடுத்த பணத்துக்கு ஒரு ரசீதுகூடக் கிடையாது. அவருடைய பிள்ளைகள் "வீட்டைக் காலி பண்ணுங்க" என்கிறார்கள். இதற்கு எந்தச் சூரணம் கொடுப்பது, நீங்களே சொல்லுங்கள்!

நாடி பிடிக்கிறவனுக்குப் பத்திரத்தில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். நோயின் காரணத்தைத் தேடச் சொல்லித்தான் எனக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள்.

நம்ம செட்டிநாட்டில் நகரத்தார் கல்யாணம் பார்த்திருப்பீர்கள். 'இசைகுடிமானம்' என்று திருமண ஒப்பந்தமே எழுதுவார்கள். அந்தக் காலத்தில் ஓலையில், இப்போது தாளில். கல்யாணம் ஆனதும் நகரக் கோயிலில் புள்ளிக் கணக்கில் சேர்ப்பார்கள். ஊரே சாட்சியாக நிற்கும் கல்யாணத்துக்கே இவ்வளவு எழுத்து! அந்தச் சாட்சியும் இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் எழுதாமல் இருக்கலாமா?

இப்படி வாழ்வது சரியா, தப்பா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. சட்டப்படி குற்றமில்லை என்று 2010-ல் நடிகை குஷ்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. அதே வருடம் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில், எது 'திருமணம் போன்ற உறவு' என்றும் சொன்னது. இருவருக்கும் திருமண வயதும் தகுதியும் இருக்க வேண்டும். வேறு திருமண பந்தம் இருக்கக்கூடாது. ஊருக்குத் தெரிய, விரும்பி, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அப்படி வாழும் பெண் கொடுமைக்கு ஆளானால், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி வீட்டில் தங்கவும் ஜீவனாம்சம் கேட்கவும் வழி உண்டு. ஆனால் சொத்து? 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மணம் செய்யாத துணைக்கு இடமே இல்லை.

ஆகவே முதல் வேலை உயில். சுயசம்பாத்தியத்தை யாருக்கும் எழுதலாம். வெள்ளைத்தாள் போதும், எழுதுகிறவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் முக்கியம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் ஆபீசில் பதிந்துவிட்டால் பின்னால் வம்பு குறைவு. "பாங்க்கில் நாமினி போட்டாச்சே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கத்தான். அது யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் முடிவு செய்யும்.

வீட்டுக்கு யார் எவ்வளவு போட்டது, கடன் யார் தலையில், மாதச் செலவு எப்படி என்று இருவரும் ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளலாம். ஜாக்கிரதை! 'என்னோடு வாழ்வதற்காக இவ்வளவு தருகிறேன்' என்ற தோரணையில் எழுதினால், 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி ஒழுக்கத்துக்கு விரோதமானது என்று செல்லாமல் போகலாம். வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த அம்மாவிடம், மாடி கட்டிய வருடத்து பாங்க் பாஸ்புக்கைத் தேடி எடுக்கச் சொன்னேன். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். சூரணத்தை இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.