பிணவறையில் தொடங்கும் நீதி

கிணற்றிலோ தண்டவாளத்திலோ நம் பிள்ளை ஒருவன் பிணமாகக் கிடந்தால், அது கொலையா தற்கொலையா என்று முதலில் சொல்லப்போகிறவர் நீதிபதி அல்ல, உடற்கூராய்வு செய்யும் மருத்துவர். அவரை யார் நியமிக்கிறார்கள், அந்தப் படிப்பு அவருக்கு உண்டா என்று நாம் கேட்பதே இல்லை.

2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல் கிடந்தது. தற்கொலை என்று முடிந்திருக்க வேண்டிய வழக்கு. குடும்பத்தாரும் இயக்கங்களும் உடலை வாங்க மறுத்துப் போராடினார்கள். உடற்கூராய்வு கொலை என்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

நிவாரணமும் இந்த மேசையைக் கடந்துதான் வருகிறது. 2016-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, கொலையானவரின் குடும்பத்துக்குப் பாதித் தொகை உடற்கூராய்வுக்குப் பிறகு. மீதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போன பிறகு.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் சந்தேக மரணங்களை ஆராயவே ஒரு மருத்துவ அதிகாரியும், அவருக்குக் கீழே துணை மருத்துவர்களும் நியமிக்கப்படுகிறார்கள். அவர்கள் காவல்துறைக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். இங்கே போலீஸ்தான் பிரேத விசாரணை நடத்தி, அறிக்கையோடு உடலை அனுப்புகிறது. சம்பவ இடத்தை மருத்துவர் பார்ப்பது அபூர்வம். சட்ட மருத்துவம் படித்தவர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். வட்ட மருத்துவமனைகளில் காலையில் காய்ச்சலுக்கு மருந்து எழுதியவரே மதியம் உடற்கூராய்வும் செய்கிறார். உடலை அறுக்கும் வேலையை, பெரும்பாலும் நம் சாதியைச் சேர்ந்த பிணவறை ஊழியரின் தலையில் கட்டிவிட்டு, மருத்துவர் தள்ளி நின்று குறிப்பெழுதும் வழக்கமும் உண்டு.

நம் மாவட்டத்தில் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தக்கலையிலோ குழித்துறையிலோ ஒரு தலித் சந்தேகமான முறையில் இறந்தால், சட்ட மருத்துவம் படித்தவரே உடற்கூராய்வு செய்ய வேண்டும். சம்பவ இடத்தையும் அவர் பார்க்க வேண்டும். இதை அரசு பொது ஆணையாகவே போட வேண்டும். அதுவரை பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடம் எழுத்து மூலம் மனு கொடுங்கள். வாய்ப்பேச்சு ஆவணம் ஆகாது.

இன்னொன்று: பிஎன்எஸ்எஸ் 194-ஆவது பிரிவின்படி, பிரேத விசாரணையின்போது அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மதிப்புள்ளவர்கள் இரண்டு பேராவது உடன் இருக்க வேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்று கேளுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் அங்கே நிற்கட்டும். காயங்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மேற்படிப்பு என்றதும் எல்லாரும் வேறு துறைகளுக்கு ஓடுகிறார்கள். உங்களில் சிலராவது சட்ட மருத்துவம் படியுங்கள். வாய் பேச முடியாத உடலுக்காகப் பேச நம்மில் ஆள் வேண்டும்.