கைவேலைப் பக்கம்: புல்வெட்டும் ட்ராக்டருக்கு ஒரு புதுக் கேபிள்



கோடை பிறந்தால் எங்கள் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியிலிருந்து எம்மவர் சிலர் லாஷப்பெல் பாலத்தைக் கடந்து லாவாலுக்குப் புல்வெட்டும் வேலைக்குப் போகின்றார்கள். ஷபனெல் தெருவில் தையல் வேலை குறைந்த நாட்களில் இது ஒரு கைகொடுக்கும் வருமானம். புது இயந்திரம் வாங்க வசதியில்லாதபடியால் இரண்டு மூன்று குடும்பங்கள் காசு போட்டு ஒரு பழைய ட்ராக்டரை வாங்குவதும் உண்டு. பழையது என்றாலும் இரும்பு கனமானது, நன்றாக உழைக்கும். ஆனால் ஒரு நாள் தூக்குக் கேபிள் அறுந்துவிடும். கடைக்குப் போனால், “அந்தச் சாமான் இப்போது வருவதில்லை” என்பார்கள். ஒரு முழம் கம்பிக்காக முழு இயந்திரமும் மூலையில் நிற்கும். அன்றைய கூலியும் போய்விடும்.

இது எங்கள் பக்கத்தில் மட்டும் உள்ள தொல்லை இல்லை. தோட்ட ட்ராக்டர் செய்த பழைய நிறுவனங்கள் பல கைமாறிவிட்டன. பேர்பெற்ற வீல் ஹோர்ஸ் நிறுவனத்தை 1986 இல் டோரோ நிறுவனம் வாங்கியது. ஜோன் டியர் நிறுவனத்தின் 110 என்ற தோட்ட ட்ராக்டர் வந்தது 1963 இல். இந்த வயதுள்ள இயந்திரங்களின் எல்லா உதிரிப்பாகங்களும் கடைத் தட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே இந்த முறை, அந்தக் கேபிளை நாங்களே செய்வது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அதன் வேலையை விளங்கிக்கொள்வோம். அலகுகள் சுழலும் வெட்டும் தட்டு ட்ராக்டரின் வயிற்றின் கீழே தொங்குகிறது. சில பழைய இயந்திரங்களில் ஆசனத்துக்குப் பக்கத்திலுள்ள நெம்புகோலை இழுத்தால், ஒரு கேபிள் கப்பி வழியாகப் போய் அந்தத் தட்டை உயர்த்தும். குளிர்காலத்தில் முன்னால் பூட்டும் ஸ்னோ தள்ளும் தகட்டையும் இப்படியான ஒரு கேபிள் தூக்குவதுண்டு. எங்கள் ஊர்க் கிணற்றுக் கப்பியும் கயிறும் செய்த வேலைதான். கயிறு அறுந்தால் வாளி கிணற்றுக்குள் விழும். இங்கே விழுவது அலகுள்ள தட்டு. அதன் கீழே கையோ காலோ இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கம்பிக்கயிற்றுக்கு ஒரு கதை இருக்கிறது. ஜேர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் சணல் கயிறும் இரும்புச் சங்கிலியும் அறுந்து ஆபத்துகள் நேர்ந்தபோது, வில்ஹெல்ம் அல்பேட் என்ற சுரங்க அதிகாரி 1834 இல் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். சங்கிலியில் ஒரு வளையம் உடைந்தால் எல்லாம் போச்சு. கயிற்றில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும். அதோடு அறுந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டு எங்களை எச்சரிக்கும். ஆகவே கேபிளை அடிக்கடி பார்க்க வேண்டும். வெறுங் கையால் தடவ வேண்டாம், கம்பி முள்ளு ஏறும். ஒரு துணியால் பிடித்து இழுத்தால் அறுந்த இடத்தில் துணி மாட்டும். கப்பியில் வளையும் இடமும் இரு முனைகளுமே முதலில் தேய்பவை.

இனி வேலைக்கு வருவோம். எஞ்சின் ஆறட்டும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். சில்லுகளுக்கு அடை கொடுங்கள். வெட்டும் தட்டின் கீழ் மரக்கட்டை வைத்து அதன் பாரத்தைக் கட்டையில் இறக்குங்கள். சில இயந்திரங்களில் தூக்குவதற்கு உதவியாக ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கும். அதன் இழுவையைத் தளர்த்தாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

அறுந்த துண்டுகளை எறிய வேண்டாம், அவைதான் உங்கள் அளவுகோல். ஒரு பலகையில் இரண்டையும் சேர்த்து நீட்டி வைத்து, இரு முனை ஓட்டைகளின் நடுவிலும் ஆணி அடியுங்கள். ஆணிக்கு ஆணி உள்ள தூரமே நீளம். பழைய கேபிள் இழுபட்டு நீண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தடிப்பை அளக்கும்போது அகலமான இடத்தில் அளக்க வேண்டும். பழையதன் தடிப்பே புதியதற்கும் வேண்டும், இல்லாவிட்டால் கப்பியின் பள்ளத்தில் சரியாக இருக்காது. 7x19 என்று கேட்டு வாங்குங்கள். அதாவது 7 புரிகள், ஒவ்வொரு புரியிலும் 19 கம்பிகள். நுண்ணிய கம்பிகள் கூடுதலாக இருப்பதால் கப்பியில் நன்றாக வளையும். 7x7 சற்று விறைப்பானது. 1/8 அங்குல 7x19 துத்தநாகம் பூசிய கேபிள் சுமார் 2,000 இறாத்தலில் அறும். 3/16 அங்குலம் சுமார் 4,200 இறாத்தலில் அறும். ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் கொடுக்கக் கூடாது என்பது பொது விதி. அப்படிப் பார்த்தால் 400 இறாத்தலும் 840 இறாத்தலும்தான். துணி காயப்போடும் கொடிக் கம்பியையும் சைக்கிள் பிறேக் கேபிளையும் இதற்குப் பாவிக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் என்றால் உறையைச் சேர்க்காமல் உள்ளே இருக்கும் கம்பியின் தடிப்பைப் பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டிய பிரெஞ்சுச் சொற்கள் இவை: காப்ள் தாசியே என்றால் இரும்புக் கேபிள். கோஸ் என்பது கண்ணிக்குள் வைக்கும் வளைந்த தகடு. மான்ஷோன் என்பது நசுக்கும் குழல். சேர்-காப்ள் என்பது திருகி இறுக்கும் பிடி. பூலி என்றால் கப்பி. பழைய துண்டையும் கையில் கொண்டு போனால் பாதிப் பேச்சு மிச்சம்.

வெட்டும் இடத்தில் முதலில் ரேப் சுற்றுங்கள், பிறகு கேபிள் வெட்டும் கருவியால் வெட்டுங்கள். சாதாரண குறடால் கடித்தால் புரிகள் விரிந்துவிடும். கண்ணாடி போட மறக்க வேண்டாம். கேபிளைக் குழலுக்குள் நுழைத்து, கோஸைச் சுற்றி வளைத்து, மறுபடி குழலுக்குள் விட்டு, வால் சற்று வெளியே தெரியும்படி இழுத்து நசுக்க வேண்டும். நடுவில் முதல் நசுக்கு, பிறகு இரு பக்கமும். எத்தனை தரம் என்பது குழலோடு வரும் குறிப்பில் இருக்கும். துருப்பிடியாக் கம்பிக்குச் செப்புக் குழல் வாங்குங்கள், அலுமினியம் அதோடு சேர்ந்து அரிக்கும். சுத்தியலால் அடித்து நசுக்கிய குழலை நம்ப வேண்டாம். அதற்கான கருவி வேண்டும். நாலு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும்.

கருவி இல்லையென்றால் சேர்-காப்ள் போடலாம். 1/8 அங்குலத்துக்கும் 3/16 அங்குலத்துக்கும் ஒரு முனைக்கு குறைந்தது இரண்டு வேண்டும். 1/8 அங்குலத்தில் மடித்து வரும் பகுதி 3 1/4 அங்குலமாவது இருக்க வேண்டும், 3/16 அங்குலத்தில் 3 3/4. பிடியின் தட்டையான அடிப்பகுதி பாரம் இழுக்கும் நீளக் கம்பியில் இருக்க வேண்டும். வளைந்த கம்பி குட்டை வாலின் மேல் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் பாரம் தாங்கும் கம்பியே நசுங்கிவிடும். சரியாகப் போட்டாலும் கேபிளின் பலத்தில் சுமார் 80 வீதம்தான் கிடைக்கும். முதல் பாரத்துக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள்.

நீளம் பிசகாமல் இருக்க ஒரு வழி: முதல் முனையை நசுக்கி முடித்துவிட்டு, மறு முனையைப் பிடியால் தற்காலிகமாகப் பூட்டி, தட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். சரியான இடம் கண்டபின் அந்த முனையையும் நசுக்குங்கள். குழலிலிருந்து வால் வெளிவரும் இடத்தில் பெயின்ற் பொட்டு வையுங்கள். சில நாளில் பொட்டு நகர்ந்திருந்தால் கேபிள் வழுகுகிறது, மறுபடி செய்ய வேண்டும். புதுக் கேபிள் போட்ட பிறகும் தட்டின் கீழே கை விடுமுன் மரக்கட்டை வைப்பதை விட வேண்டாம். இப்படிச் செய்த கேபிளால் ஆட்களையோ தலைக்கு மேல் பாரத்தையோ தூக்கவே கூடாது.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பெற்றோர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் விளக்கு எரித்தார்கள். வேறு வழியில்லாத காலம் அது. அந்தக் கைப்பழக்கம் எங்களோடு கப்பலும் விமானமும் ஏறி வந்திருக்கிறது. ஆனால் இங்கே வேறு வழி உண்டு. கம்பியால் கட்டிச் சமாளிப்பது கெட்டித்தனம் என்று நினைத்து விரலைக் கொடுக்க வேண்டாம்.

ஏனென்றால் வேலைத்தலத்தில், “இப்போதைக்குக் கட்டி ஓட்டு, நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லும் முதலாளிகளை நாங்களும் கண்டிருக்கிறோம். கியூபெக்கின் 1979 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை ஆபத்தானது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் அதைச் செய்ய மறுக்கலாம். உடனே மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிட்டு வேலைத்தலத்திலேயே நிற்க வேண்டும், சம்பளம் வெட்ட முடியாது. காயப்பட்டால் சி.என்.இ.எஸ்.எஸ்.டி என்ற அரச அமைப்பிடம் கோரலாம். 2016 க்கு முன் இது சி.எஸ்.எஸ்.டி என்று இருந்தது. முதலாளி தன் கடமையைச் செய்யாததால் தொழிலாளியின் உரிமை போய்விடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சொந்தமாகப் புல்வெட்டுவோர் கவனிக்க வேண்டும்: தனக்குத் தானே வேலை செய்பவருக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. அதே அமைப்பில் பணம் கட்டிப் பெற வேண்டும். கோடை தொடங்குமுன் விசாரித்து வையுங்கள்.

அடுத்த இதழில் மங்கிப்போன அலகைத் தீட்டிச் சமநிலை பார்ப்பது பற்றி எழுதுவோம். உங்கள் இயந்திரத்தில் வேறு மாதிரியான கேபிள் இருந்தால், அதன் படத்தை வரைந்து அனுப்பி வையுங்கள். சேர்ந்து பார்ப்போம்.