ராகு காலம் தெரியாத கண்

கண்ணாடிக் கடைகள் மேல் பத்தியாளருக்கு உள்ள கோபத்தை வாசகர்கள் அறிவார்கள். இந்த வாரம் அது தலைக்கேறிவிட்டது. அவருடைய பெரியப்பாவுக்கு வயது 68. பிரஷர் மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் காலை எழுந்தால், இடது கண்ணில் புகை மூட்டம். வலி இல்லை, சிவப்பும் இல்லை. கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, "பவர் மாறியிருக்கு ஐயா, கண்ணாடிய மாத்திட்டா சரியாயிடும்" என்றார்கள். புதுக் கண்ணாடி வந்தது, புகை போகவில்லை. மூன்று வாரம் வீணாயிற்று. எழுத்துப் பலகை கண்ணின் பின்புறத்தைக் காட்டாது என்று எத்தனை முறைதான் எழுதுவது!

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்தார்கள். விழித்திரையின் மேல்பக்கம் தீநாக்குகள்போல ரத்தக் கசிவு. கிளைச் சிரை அடைப்பு.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டுக்கும் ஒரே உறை. பல வருட ரத்த அழுத்தத்தில் தடித்துப்போன தமனி, பக்கத்துச் சிரையை நெரிக்கிறது. அங்கே ரத்தம் உறைகிறது. உள்ளே வரும் ரத்தம் வெளியேற வழியின்றிக் கசிய, படிப்பதற்கு உதவும் மாகுலா வீங்குகிறது. மையச் சிரையே அடைத்து ரத்த ஓட்டம் மிகவும் குன்றினால் ஆபத்து அதிகம்: சில மாதங்களில் கண்ணின் முன்பகுதியில் வேண்டாத புதுக் குழாய்கள் முளைத்துக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும்.

எந்தப் பகுதிக்கு ரத்தம் எட்டவில்லை என்று அறிய, கைச் சிரையில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படமெடுத்தார்கள். அந்தச் சாயத்தின் கதையில் இறங்கிய பத்தியாளருக்குக் கண்ணாடிக் கடையே மறந்துபோயிற்று.

ஃப்ளூரசின் என்ற அந்தச் சாயத்தை அடால்ஃப் ஃபான் பேயர் 1871இல் உருவாக்கினார். மனித விழித்திரையில் அது ஓடுவதைப் படம்பிடிக்கும் முறையைத் தந்தவர்கள் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் இருவர்: ஹரால்ட் நொவாட்னி, டேவிட் ஆல்விஸ். நீல ஒளி பட்டால் சாயம் பச்சையாக மின்னும். ஃபிளாஷுக்கு முன்னால் நீல வடிகட்டி. ஃபிலிமுக்கு முன்னால் நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் இன்னொன்று. அவ்வளவுதான் ஏற்பாடு. மனிதரில் சோதிக்கும் வேளை வந்தபோது கையை நீட்டியவர் ஆல்விஸ். அவர்களுடைய கட்டுரையைக் கண் மருத்துவ இதழ் ஒன்று திருப்பி அனுப்பியது. 1961இல் அதை வெளியிட்டது 'சர்குலேஷன்' என்ற இதயநோய் இதழ். நீட்டிய அந்தக் கையை வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார் பத்தியாளர்.

1991இல் அறிமுகமான ஓ.சி.டி. என்ற ஒளி ஸ்கேன், சாயமே இல்லாமல் மாகுலா வீக்கத்தை மைக்ரான் கணக்கில் அளந்துவிடுகிறது. ஆனால் ரத்தம் தயங்குவதைச் சாயம் கண்ணெதிரே காட்டியது. பெரியப்பாவின் படத்தில் மற்ற சிரைகளெல்லாம் ஒளிர்ந்தபின்னும் அந்த ஒன்று மட்டும் இருட்டாகவே கிடந்தது.

அன்று மாலை சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனதும் பயந்து போன் செய்தார். சாயம் வெளியேறுகிறது என்று சொன்னபிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். வீக்கம் வற்றக் கண்ணுக்குள் முதல் ஊசி போட்டாயிற்று. இப்போது தினமும் மாத்திரை போட்டதும், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நாள்காட்டி முன் நிற்கிறார். தேதி தெரிகிறது. கீழே பொடி எழுத்தில் உள்ள ராகு காலம் இன்னும் தெரியவில்லை.