கத்தியில் ஒரு மௌனச்சாமி



போன வாரம் இங்கிலீஷ் டிக்டேஷனில் எனக்கு 20-க்கு 11. மீதி 9 எங்கே போச்சுன்னு பார்த்தா, பாதிக்கு மேல வாயே திறக்காத எழுத்துகளால போயிருக்கு! தமிழ்க் கத்தியில் 'க' இருக்கு, சத்தமும் வருது. இங்கிலீஷ் கத்தியான 'நைஃப்'பில் முதல் ஆளா 'கே' நிக்குது, ஆனா மௌனச்சாமி. அது வெட்டினது என் மார்க்கைத்தான்.

பழங்கால ஆங்கிலேயர் அந்த 'கே'யை உச்சரித்தார்களாம். சத்தம் போயும் எழுத்து மட்டும் காலி பண்ணாத குடித்தனக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கு. அதையாவது மன்னிக்கலாம். கடனுக்கு இங்கிலீஷில் 'டெட்'. அதன் நடுவில் வரும் 'பி', லத்தீன் மூலத்தைக் காட்ட அறிஞர்கள் பிற்காலத்தில் சொருகியது. கடன் என்ற வார்த்தையிலேயே கடன் வாங்கின எழுத்து!

மாத்திப் பார்த்தவங்களும் உண்டு. 1906-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய ஸ்பெல்லிங்கில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது, அந்த வருஷமே வாபஸ்! நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா புது எழுத்துமுறைக்காக உயிலில் பணமே எழுதி வைத்தார். 1962-ல் அவர் நாடகம் ஒன்று அந்த எழுத்தில் அச்சானது. அதோட சரி.

நம்ம ஊரில் 1978-ல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டு, பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. 'லை'யின் பழைய தும்பிக்கை போச்சு. ஆனா இங்கிலீஷுக்கு ஒரே வீட்டுக்காரர் கிடையாதே! லண்டன்காரர் ஒரு மாதிரி, அமெரிக்கர் ஒரு மாதிரி, நாம ஒரு மாதிரி பேசுறோம். யார் பேச்சைக் கேட்டு ஸ்பெல்லிங்கை மாத்துறது?

ஆகவே என் கருத்து இதுதான். ஸ்பெல்லிங்கை நம்மால மாத்த முடியாது, மார்க் போடுறதை மாத்தலாம். என் பெஞ்சுக்காரன் அறிவியல் தேர்வில் 'நிமோனியா'ன்னு சரியாத்தான் விடை எழுதினான். சத்தமே இல்லாத முதல் எழுத்தை விட்டுட்டான், பூஜ்யம்! அவனுக்கு நோய் தெரியும், ஸ்பெல்லிங்தான் தெரியலை. இங்கிலீஷ் பேப்பரில் குறையுங்க, அது நியாயம். அறிவியல் பேப்பரில் அடிக்கோடு போட்டுத் திருத்திட்டு, மார்க்கை விட்டுடுங்களேன், ப்ளீஸ்!

நண்பர்களே, அதுவரைக்கும் மௌனச்சாமிகளை மனப்பாடம் பண்ணுவோம். வேற வழி?

- பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவன்
(இந்த 'பி'யை உச்சரிக்கவும்!)