கூதிர் மழையில் மேப்பிள் இலை

ஒக்டோபர் பிறந்தால் எங்கட இன்ஸ்டகிராம் முழுக்க மேப்பிள் இலைதான். கறுப்புப் பேனையால் இலையின் விளிம்பைக் கீறி, உள்ளே வளையம், கட்டம், அலை என்று நிரப்பி, செம்மஞ்சள் பூசி, 'இலையுதிர்காலம்' என்று பெயரும் போடுகிறோம். கீறுகிற நாங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறோம். யன்னலுக்கு வெளியே மழை அடித்து ஊத்துது.

இப்படி வடிவம் நிரப்பிக் கீறுவதோடு எங்களுக்குப் பகை இல்லை. அதில் பிரபலமான ஸென்டாங்கிள், அமெரிக்காவில் ரிக் ரொபர்ட்ஸும் மரியா தோமஸும் உருவாக்கிய முறை. மூன்றரை அங்குலச் சதுரத் தாள், ஒரு பேனை, திரும்பத் திரும்ப வரும் சின்னக் கோடுகள். பரீட்சை நேரத்தில் மனசை ஆற்றுது என்றால் தாராளமாகக் கீறுங்கோ. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் மேப்பிள் கீறினால் அதுவும் நியாயம். அவளின்ட வாசலில் அது உதிருது. எங்கட வாசலில் உதிர்வது என்ன?

கொழும்பு பூமத்திய கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. ஐரோப்பாவின் நான்கு பருவங்கள் இங்கே இல்லை. அதற்காகப் பருவமே இல்லை என்று ஆகிவிடுமா? ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். பின்னேரம் இடி, மின்னல், மழை. பழந்தமிழ் மரபு ஆண்டை ஆறாகப் பிரித்து, ஐப்பசி, கார்த்திகைக்குக் 'கூதிர்' என்று பெயர் வைத்தது. அந்த ஆறில் 'இலையுதிர்காலம்' என்று ஒன்று கிடையாது. இருக்கிற பெயரை விட்டுவிட்டு மொழிபெயர்த்த பெயரில் கீறுகிறோம்.

சிவந்த இலைதான் வேணுமோ? கொட்டம்பா மரத்தைப் பாருங்கோ. அகலமான இலை, உதிர முதல் செக்கச்செவேல் என்று சிவக்கும், நரம்பெல்லாம் துலக்கமாகத் தெரியும். அதைக் கூட்டித் தள்ளுகிறோமே தவிர, கீறுவதில்லை.

வடிவம் வேணுமோ? புள்ளிகளைச் சுற்றி முறியாமல் ஓடும் சிக்குக் கோலம் இருக்கிறது. 1974இல் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சகாக்களும் கோலத்தை ஒரு மொழிபோல எடுத்து, அதற்கு இலக்கண விதிகள் எழுதலாம் என்று காட்டினார்கள். எங்கட தொடர்மாடி வாசல்களிலோ அது பிளாஸ்டிக் ஸ்டிக்கராகக் கிடக்கிறது.

"கற்பனைக்கு வேலி போடாதீங்க" என்று சிலர் சொல்லுவினம். வேலி போடவில்லை. ஆனால் எல்லாருடைய கற்பனையும் ஒரே மாதத்தில் ஒரே இலைக்குப் போனால், அது கற்பனையா, பழக்கமா? இதே கொழும்பில் பார்பரா சன்சோனி இந்தத் தீவின் நிறங்களைக் கைத்தறித் துணியில் கொண்டுவந்தார். எனா டி சில்வாவின் பத்திக் வேலை பெந்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரையையே நிரப்பியது. அவர்களும் உலகம் பார்த்தவர்கள்தான். ஆனால் கண் இங்கே இருந்தது.

இது தூய்மைவாதம் இல்லை, கண் சம்பந்தப்பட்ட விசயம். கீறுவதற்காகத்தான் ஒரு பொருளை ஆறுதலாகப் பார்க்கிறோம். கண்ணில் படாத தெருவோர மரத்தை நாளைக்கு வீதி அகலிக்க வெட்டினால் யார் கேட்கப்போகிறோம்?

இந்த ஒக்டோபரில் அதே பேனை, அதே தாள் போதும். ஒரு கொட்டம்பா இலையைப் பொறுக்கி வந்து, அதன் நரம்புகளுக்கிடையே மழைத்துளியையும் வெள்ளவத்தைக் கடலோர ரயில் தண்டவாளத்தையும் நிரப்பிக் கீறுங்கோ. கீழே 'கூதிர்' என்று எழுதுங்கோ. மச்சாளுக்கும் அனுப்பிவிடுங்கோ.