அறிவியல் அறிவோம்: கண்ணுக்குத் தெரியாத புகை



காப்பார், மஞ்சோங், தஞ்சோங் பின் மின் நிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் இடங்கள் அவை. ஆனாலும் அந்தப் புகைபோக்கிகளில் கறுப்புப் புகை எழுவதைக் காண்பது அரிது. "புகையே இல்லையே, கெடுதல் எங்கிருந்து வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

கண்ணுக்குத் தெரிவது சாம்பல்தூள். அதை மின்சாரம் பாயும் தகடுகளைக் கொண்டு பெரும்பாலும் பிடித்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறுவது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு.

இது எப்படி உண்டாகிறது? காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு பிராணவாயு. நைட்ரஜன் மிகவும் சாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று கைகளால் இறுகப் பிடித்தது போல் இணைந்திருக்கும். ஆனால் கொதிகலனுக்குள் வெப்பம் சுமார் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பிடி தளர்கிறது. பிரிந்த நைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்துகொள்கிறது. இது நடக்கும் விதத்தை 1940களில் ஸெல்டோவிச் என்ற சோவியத் விஞ்ஞானி விளக்கினார்.

இரண்டாவது வழியும் உண்டு. நிலக்கரி, ஒரு காலத்தில் மரமும் செடியுமாக இருந்தது. அந்தத் தாவரங்களில் இருந்த நைட்ரஜன் இன்றும் கரியில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு தங்கியிருக்கிறது. கரியைப் பொடியாக்கி ஊதி எரிக்கும் கொதிகலன்களில் இந்த வாயுவின் பெரும்பகுதி உண்டாவது இந்த நைட்ரஜனிலிருந்துதான்!

விறகு அடுப்பில் காற்று நன்றாகப் போனால் புகை குறையும் என்பது தாய்மார்கள் அறிந்ததே. இங்கே அதற்கு நேர்மாறு. காற்றும் வெப்பமும் கூடக்கூட, கரி நன்றாக எரியும். இந்த வாயுவும் கூடும்.

வெளியே வந்த பிறகு இது நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாறுகிறது. அது மூச்சுக்குழாயை அரிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வாட்டும். பெட்ரோல் ஆவி போன்றவற்றோடு வெயிலில் கலந்தால் ஓசோன் உண்டாகும். மழையில் கரைந்தால் நீர் அமிலமாகும்.

இதைக் குறைக்க வழி இல்லையா? இருக்கிறது.

முதல் வழி, தீயைப் பட்டினி போடுவது! தொடக்கத்தில் காற்றைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். கரியிலிருந்து பிரியும் நைட்ரஜனுக்குப் போதிய பிராணவாயு கிடைப்பதில்லை. எனவே அதில் பெரும்பங்கு மீண்டும் சாதுவான நைட்ரஜனாகிவிடுகிறது. மிச்சக் காற்றை மேலே கொடுத்து எரிதலை முடிக்கிறார்கள். பட்டினி மிஞ்சினால் எரியாத கரி சாம்பலோடு வீணாகும். ஆகவே கொதிகலனை இயக்குபவரின் கைப்பக்குவம் முக்கியம்.

இரண்டாவது வழியில் வருவது தோட்டத்து மக்களுக்குப் பழக்கமான பொருள், யூரியா! உரமாகப் போடும் அதே யூரியாவின் கரைசலையோ, அம்மோனியாவையோ 850 முதல் 1100 டிகிரி வரை வெப்பமுள்ள புகையில் தெளிக்கிறார்கள். நச்சு வாயு பிரிந்து நைட்ரஜனும் நீராவியும் ஆகிறது.

மூன்றாவது வழியில் இதே வேலையைக் கிரியா ஊக்கி பூசிய அடுக்குகள் 300, 400 டிகிரியிலேயே முடிக்கின்றன. நூற்றுக்கு 80, 90 பங்கு குறையும். 1970களின் பிற்பகுதியிலேயே ஜப்பானியர் இதை மின் நிலையங்களில் பயன்படுத்தத் தொடங்கினர். செலவு அதிகம் என்பதே இதன் குறை. அம்மோனியா அளவு மிஞ்சினால் அதுவே புகைபோக்கி வழியே வெளியேறும்.

இனிப் புதிய நிலக்கரி மின் நிலையங்கள் கட்டுவதில்லை என்று மலேசிய அரசு 2021இல் அறிவித்தது. ஆனால் இருப்பவை இன்னும் எரிகின்றன. அவற்றின் புகையில் இந்த வாயு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 2014ஆம் ஆண்டின் தூய காற்று விதிமுறைகள் வரம்பு வைத்துள்ளன.

ஆகவே, வாசகர்களே, "புகை தெரிகிறதா?" என்று பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். "அளந்தார்களா? அளவு எவ்வளவு?" என்று கேளுங்கள். நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.