ஒரு மீனும் கடிக்காத நாள்

வானொலியில் நாங்கள் மிகவும் பயப்படுவது மௌனத்துக்குத்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வராமல் ஐந்து வினாடி போனால் போதும், குளிர்சாதன அறையிலும் வியர்த்துவிடும். அந்த ஐந்து வினாடியை நிரப்பத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான், போன மாதம் தெமெங்கோர் ஏரியில் அப்பாவோடு ஒரு படகில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். நான் சிறுமியாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கம்பார் பக்கத்து ஈயக்குட்டைகளுக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார். நானும் வருவேன் என்று வாசலில் நிற்பேன். "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்பார் பாட்டி. அப்பா ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்புவார். இப்போது பாட்டி இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். விடுப்பு எடுத்து, படகுக்கு முன்பணம் கட்டி, அப்பாவை நானே அழைத்துப் போனேன். அவரிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

கிரிக் பட்டணத்தில் இரவு தங்கி, விடிவதற்குள் பண்டிங் தீவுப் படகுத்துறைக்குப் போய்விட்டோம். ஒட்டுக்கடையில் நாசி லெமாக்கும் தே-ஓவும் பசியாறினோம். படகில் ஏறியதும் அப்பா என் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். "ப்பா, எனக்கு 34 வயசு. நீச்சல் தெரியும்" என்றேன். மூன்றாவது முறையும் இழுத்துப் பார்த்தார்.

தெமெங்கோர் மனிதர் கட்டிய ஏரி. 1970களில் மின்சாரத்துக்காகப் பேராக் ஆற்றை மறித்து அணை கட்டியபோது, காடும் பள்ளத்தாக்கும் நீருக்குள் போயின. தீபகற்ப மலேசியாவில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். அன்று மூழ்கிய மரங்களில் பல, பட்டுப்போய் வெள்ளை எலும்புபோல இன்னும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. தோமான் மீனுக்கு அந்த மரங்களின் அடிதான் வீடு.

தோமான் என்பது விரால் குடும்பத்தின் பெரியண்ணன். அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு நம் வீடுகளில் சூப் வைத்துக் கொடுப்போமே ஹருவான், அதன் உறவு. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். நீருக்குள் இருந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். "குபுக்" என்று சத்தம் கேட்டால் அங்கே தூண்டிலை வீச வேண்டும்.

நாங்கள் வீசினோம். ரப்பர் தவளை, கரண்டி, தகரமீன் என்று அப்பா பெட்டியில் இருந்த பொய் இரை எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டோம். ஒன்றும் கடிக்கவில்லை. மூன்று நாளாக மேலே மழை, ஆற்று வாயெல்லாம் தேநீர் நிறத்தில் கலங்கியிருக்கிறது என்றார் படகோட்டி. தோமான் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், கலங்கல் அதற்கு ஆகாது. ஏரி மட்டமும் ஏறியிருந்தது. கரையோரப் புதரெல்லாம் நீருக்குள் போனால் சின்ன மீன்கள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். பெரிய மீன்களும் பின்னாலேயே போய்விடும்.

பத்து மணிக்கு எனக்குக் கை வலித்தது. பதினொரு மணிக்குக் கைப்பேசியை எடுத்தேன், சமிக்ஞை இல்லை. அப்போது தலைக்கு மேலே புகைவண்டி மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். இருவாட்சி ஜோடி ஒன்று பறந்து போனது. மலேசியாவில் உள்ள 10 வகை இருவாட்சிகளும் இந்தப் பெலும்-தெமெங்கோர் காட்டில் உண்டு. சத்தம் தேய்ந்து மறையும் வரை அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இதுதான் நேரம் என்று கேட்டேன். "ஏம்ப்பா என்னை மட்டும் ஒருநாள்கூட மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போகல?"

அப்பா பதில் சொல்லவில்லை. நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரலையில் விருந்தினர் இப்படி உட்கார்ந்தால் உடனே ஒரு பாட்டைப் போட்டுவிடுவேன். அங்கே போடப் பாட்டு இல்லை.

மாலை மூன்றரைக்குப் படகோட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கையைக் காட்டினார். "அனாக் தோமான்" என்றார் மெதுவாக. சாப்பாட்டு மேசை அளவு இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோலத் தண்ணீர் துள்ளியது. கிட்டே போனால், விரல் நீளத்தில் செம்மஞ்சள் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். மூச்சு விடக் கூட்டமாக மேலே வந்திருந்தன. அடியில் பெரிய மீன் நின்று காவல் காக்கும். குஞ்சுகளுக்கு நடுவே எது விழுந்தாலும் பாய்ந்து தாக்கும். பசி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மீன் கிடைக்காத நாளிலும் தப்பாத இடம் இது என்று தூண்டில்காரர்களுக்குத் தெரியும். காவல் மீனை எடுத்துவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளை விட்டுவைக்காது என்பதும் தெரியும்.

எனக்கு அது அப்போது தோன்றவில்லை. ஒரு மீன் வேண்டும், ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான். தூண்டிலை ஓங்கினேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"வேணாம்மா. பிள்ளைங்கள வச்சிருக்கு."

படகோட்டி சிரித்துக்கொண்டே துடுப்பால் படகைப் பின்னுக்குத் தள்ளினார். குஞ்சுகள் ஒரேயடியாக மூழ்கி, கொஞ்சம் தள்ளி மறுபடியும் தூறின. அதைப் பார்த்துக்கொண்டே அப்பா பேசினார்.

"அந்த ஈயக்குட்டைங்க கரை சரியும்மா. காலு வச்ச இடம் அப்படியே உள்ள போயிடும். ஆழம் தெரியாது. ஒரு பையன் என் கண்ணு முன்னாடி போயிட்டான். இறங்கித் தேடினோம், கிடைக்கல. அண்ணனுக்கு நீந்தத் தெரியும். உனக்குத் தெரியாது."

"பாட்டி சொன்னதுக்கு நீங்க ஒரு வார்த்தை பேசலையேப்பா?"

"பயமா இருக்குன்னு சொல்றதைவிட அது சுலபமா இருந்துச்சு."

"எனக்கும் நீந்தக் கத்துக் குடுத்திருக்கலாம்ல?"

கொஞ்ச நேரம் கழித்து, "குடுத்திருக்கணும்" என்றார்.

நீச்சலைப் பல்கலைக்கழகத்தில் காசு கட்டி நானே கற்றுக்கொண்டேன். வாசலில் நின்ற ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப வரப்போவதில்லை. ஆனால் என்னைப் பிடிக்காமல்தான் விட்டுவிட்டுப் போனார் என்று 25 ஆண்டுகளாக நினைத்திருந்தேனே, அதை அந்த ஏரியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி யாராவது ஒருவரிடம் இருக்கலாம். கேட்டதும் பதில் வராவிட்டால் எழுந்து போய்விடாதீர்கள். எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. படகில் இருந்ததால் என்னாலும் எழுந்து போக முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்து, "இதுக்கா இவ்வளவு தூரம் போனீங்க?" என்றார். அப்பா தூண்டிலைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்:

"அடுத்த மாசம் உனக்கு லீவு கிடைக்குமாம்மா?"